இரண்டு பலகைகளும் ஒரு வெண்கட்டியும்

மார்ச் 3, 2025. பனிச்சங்கேணி

காலையில் எழுந்ததும் முதலில் பார்த்தது தொலைபேசியை. முகம் கழுவவும் இல்லை. கொழும்பிலிருந்து இன்றைய நண்டு விலை வந்துவிட்டது: கிலோ 2400 ரூபா.

ஒன்பது வருடமாக இப்படி நடந்ததில்லை. தோணிகள் கரைக்கு வரும்வரை, கம்பனிக்காக நான் நண்டு வாங்கும் கொட்டிலில் வெண்கட்டியால் விலை எழுதும் என் பலகை வெறுமையாகத்தான் இருக்கும். வீதிக்கு அந்தப் பக்கம் மற்றக் கம்பனியின் கொட்டில், அங்கே நஸீறா. அவளுடைய பலகையும் வெறுமை. முதலில் எழுதுகிறவள் தோற்றாள். அவள் எழுதினால் நான் இருபது ரூபா கூட்டி எழுதுவேன். அவள் அழித்து இன்னும் இருபது கூட்டுவாள். தோணிக்காரர் நடுவீதியில் கூடையோடு நின்று சிரிப்பார்கள்.

இன்று விடிய முன்னரே இரண்டு பலகையிலும் 2400.

தை மாதம் இரண்டு கம்பனிகளையும் ஒரே முதலாளி வாங்கிவிட்டார். எங்களுக்கு வந்த கடிதத்தில் அதற்குப் பெயர் ‘நிருவாக மறுசீரமைப்பு’. பெயர்ப்பலகைகள் மாறாது, வெளியில் சொல்லவும் கூடாது.

மார்ச் 4

கதிர்காமத்தம்பி அண்ணன் கூடையை இறக்கிவிட்டு இரண்டு பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன புள்ள, ரெண்டு பேரும் பார்த்தெழுதுறீங்களா? வாத்தியார் பிடிக்கலயா?” எல்லாரும் சிரித்தார்கள்.

“சந்தை விலை அண்ணன்” என்றேன்.

மார்ச் 19

2250. கொழும்பில் நண்டு விலை இறங்கவில்லை. லொறிச் சாரதி அக்ரமிடம் கேட்டேன்.

இந்த விலை வேண்டாமென்றால் தோணிக்காரர் எங்கே கொண்டுபோவார்கள்? உயிர் போன நண்டைக் கம்பனி எடுக்காது. வெயில் ஏற முன்னர் கொடுத்தே ஆக வேண்டும். பல்கலைக்கழகத்தில் தனியுரிமை பற்றி ஒரு தவணை முழுக்கப் படித்தேன், விற்பவன் ஒருவனானால் என்ன நடக்கும் என்று. வாங்குபவன் ஒருவனானால்? அரைப் பக்கம்தான் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

லொறி போன பிறகு வழக்கம்போல நஸீறாவும் நானும் ஒன்றாகச் சாப்பிட்டோம். காலையில் எதிரிகள், மத்தியானம் ஒரே கிண்ணத்துச் சுண்டல். ஓட்டமாவடியிலிருந்து ஸ்கூட்டரில் அவள் கொண்டுவருவது. “சண்ட பிடிக்காம சம்பளம் வாங்குறது ஒரு மாதிரி இரிக்கிகா பிரஷா” என்றாள்.

ஏப்ரல் 2

2100. யாரும் பகிடி விடவில்லை.

ஏப்ரல் 11

என்ன செய்தேன் இன்று!

தொலைபேசியில் சார்ஜ் இல்லை, விலைச் செய்தியைப் பார்க்கவில்லை. பலகைக்கு முன்னால் நின்று, பழக்கத்தில் வீதிக்கு அங்கால் எட்டிப் பார்த்தேன். நஸீறா 2080 எழுதியிருந்தாள். என் கை 2100 எழுதிவிட்டது. கைதான். நான் யோசிக்கவே இல்லை.

தோணிகள் எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. கதிர்காமத்தம்பி அண்ணன் கைதட்டினார்: “இந்தா, எங்கட பழைய புள்ள வந்துட்டா!” அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்த பிறகு எப்படி அழிப்பது?

ஏப்ரல் 15

புதுவருட லீவு. கொழும்பில் ஒருவரும் பார்க்கவில்லை. ஐந்து நாளாக இருபது ரூபா கூட்டியே எழுதுகிறேன். நீயும் கூட்டி எழுதேன் என்று நஸீறாவிடம் சொன்னேன். “எனக்குப் பயம்கா” என்றாள். அவளுடைய தராசில் ஐந்து நாளும் ஒரு நண்டும் ஏறவில்லை.

நான் நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரல் 22

நஸீறாவின் கொட்டிலை மூடுகிறார்கள். காரணம், ‘கொள்வனவு இன்மை’. அந்த ஐந்து நாள் கணக்கை வைத்து.

தலைமையலுவலகத்திலிருந்து தொலைபேசி எடுத்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “மிஸ், எதை மூடுற எண்டு ரெண்டு மாசமா யோசிச்சம். நீங்க வேலையச் சுகமாக்கிட்டீங்க.” இருபது ரூபாவுக்கு எச்சரிக்கைகூட இல்லை. அவளுடைய பலகை மட்டும் இருக்க வேண்டுமாம். இனி அதிலும் நானே எழுத வேண்டும்.

நஸீறாவிடம் ஓடினேன். என்ன சொன்னேனோ, அழுதேனோ, ஒன்றும் நினைவில்லை. அவள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நீ புதுசா ஒண்டும் எழுதலகா. ஒம்பது வருஷமா எழுதினதத்தான் எழுதின.” பிறகு ஸ்கூட்டரை எடுத்தாள். போகும்போது ‘வாறன்’ என்று சொல்லாமல் போனாள்.

ஏப்ரல் 23

வீதியைக் கடந்து போய் அவளுடைய பலகையில் 1950 எழுதினேன். திரும்பி வந்து என் பலகையில் 1950. அவள் ஏழுக்கும் ஐந்துக்கும் ஒரு வால் விடுவாள். எனக்கு அது வரவில்லை.

மே 4

நஸீறா என் அழைப்பை எடுக்கிறாள் இல்லை.

மே 20

கொழும்பிலிருந்து விஜிதரன் என்று ஓர் அரச அதிகாரி வந்தார். கம்பனிகள் சேர்ந்த பிறகு போட்டி இருக்கிறதா என்று விசாரிக்கிறார்களாம். “இங்க எத்தனை பேர் நண்டு வாங்குறாங்க?”

நான் கையை நீட்டி இரண்டு பலகையையும் காட்டினேன். “ரெண்டு.”

எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற கதிர்காமத்தம்பி அண்ணன் என் விரல்களைப் பார்த்தார். வெண்கட்டித் தூள். கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் ஏசியிருக்கலாம்.

போகும்போது அதிகாரி தன் இலக்கத்தைத் தந்தார். “சேர்ந்தது பிழையெண்டு காட்டுறது கஷ்டம் மிஸ். ஆனா ரெண்டு பேர் மாதிரிக் காட்டி ஒராள் விலை போட்டா, அது ஏமாத்து. அதுக்கு எழுத்துல ஏதாவது வேணும்.”

என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் வந்த விலைச் செய்தி தொலைபேசியில் இருக்கிறது. ஏன் வாயைத் திறக்கவில்லை நான்? அம்மாவின் மருந்தா? வீட்டுக் கடனா? இல்லை. பயம். நஸீறாவுக்கு இருந்த அதே பயம். அவள் அதை வாயால் சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 9

கதிர்காமத்தம்பி அண்ணன் தோணி எஞ்சினை விற்றுவிட்டார். மருமகனோடு மேசன் வேலைக்குப் போகிறாராம், அறுபத்தொரு வயதில். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். “ஒங்களில கோபமில்ல புள்ள. அந்தப் பக்கத்துப் புள்ள எப்பிடி இரிக்கா?”

தெரியாது என்றேன்.

ஜூன் 12

இன்றும் இரண்டு பலகையிலும் எழுதினேன். 1800.

மார்ச் மூன்றிலிருந்து வந்த விலைச் செய்திகளை எல்லாம் புளியந்தீவில் ஒரு கடையில் அச்செடுத்தேன். ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு கொட்டிலின் பெயர், கீழே ஒரே விலை. கடைக்காரப் பெண், “பாடக்குறிப்பா மிஸ்?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இதனால் நஸீறாவுக்கு வேலை திரும்பி வராது. எனக்கும் போய்விடும். அவள் இனி என்னோடு பேசுவாள் என்றும் நான் நினைக்கவில்லை.

திங்கட்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன். அம்மாவிடம் கண் வைத்தியரிடம் போவதாகச் சொன்னேன். கொழும்பு பஸ்ஸுக்கு ஆசனம் பதிந்தாயிற்று. அந்த விசாரணைத் தாளில் நான் சொன்ன ‘ரெண்டு’ இருக்கும். அதை வெட்டி, ‘ஒன்று’ என்று என் கையால் எழுதிக் கையொப்பம் வைக்கப் போகிறேன்.