நீ லீவு போட்டால் என்ன நிற்கும்?

அக்கா,

பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். ஏசி குளிர்கிறது. உட்கார முடியவில்லை.

எங்கள் ஆலோசனை நிறுவனம் ஒரு கம்பெனியில் ஆட்குறைப்புக்கு வழி சொல்கிறது. என் வேலை, ஊழியர்களிடம் ஒரே கேள்வி கேட்பது. "நீங்க ஒரு மாசம் லீவு போட்டா என்ன வேலை நிக்கும்?"

நேற்று ஸ்டோர்ஸ் அம்மா ஒருவர் சிரித்தார். உன் கொடியில் காயும் அதே நீலச் சீருடை.

"என்னப்பா நிக்கும்? நான் என்ன மகாராணியா? மத்தவங்க பாத்துக்குவாங்க."

பேசும்போதே ஆள்மாற்றி ஆள் அவரைத் தேடி வந்தார்கள். ஆனால் அவர் சொன்னதைத்தான் நான் எழுத வேண்டும். மாலையில் எங்கள் மேலாளர் அந்தப் பதவியே தேவையில்லை என்று அடித்துவிட்டார். "அவங்களே சொல்லிட்டாங்களே, தம்பி."

அடுத்து எந்தக் கிளைக்குப் போகிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாதாம். நான் சொல்லவில்லை.

ஆனால் அக்கா, யார் பாராட்டினாலும் "அட, நான் என்ன பண்ணிட்டேன்" என்பாயே, அதைக் கொஞ்ச நாள் விட்டுவிடு. நீ இல்லாவிட்டால் என்னென்ன நிற்கும் என்று கண்ணாடி முன் சொல்லிப் பழகு. கூசாமல் பீற்றிக்கொள்.

கேட்பவன் நானாகவே இருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதே.

உன் தம்பி