நடக்கும்போது பட்டியல் மாறியது

நாள் 4118. குளிர் மிச்சம்: 16 மணி 00 நிமிடம்

காவல் பொறியாளர் ஜெசிந்தா பதிவு. இந்தப் பின்கப்பலில் விழித்திருப்பது நான் ஒருத்திதான்.

மூன்றாம் அறையின் குளிரூட்டி நின்றுவிட்டது. மாற்றுப் பாகம் இல்லை. உள்ளே உறைதூக்கத்தில் 212 பேர். தேங்கியிருக்கும் குளிர் பதினாறு மணி நேரம் தாங்கும். அதற்குள் எல்லாரையும் முதலாம் அறைக்கு மாற்ற வேண்டும். அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. கிரேன் ஒன்றுதான், ஒரு பெட்டிக்கு நான்கு நிமிடம். மொத்தம் பதினான்கு மணி எட்டு நிமிடம். போதும்.

நிரல் எளிது. இட்டரேட்டர் என்பது பட்டியலில் விரல் வைத்துப் படிப்பது மாதிரி. ஒரு பெயரில் நிற்கும், கிரேன் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அந்தப் பெயரை நீக்கிவிட்டு அடுத்த பெயருக்கு நகரும். பட்டியல் குடும்பவாரியாக அடுக்கியது: அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்று அடுத்தடுத்து. காலியானால் வேலை முடிந்தது.

முன்கப்பலில் விழித்திருக்கும் டாக்டர் உமையாள் இங்கே வர வழியில்லை; குரல் இணைப்பில் அவருக்குத் தகவல் சொல்லியாயிற்று. ஓட்டம் தொடங்கியது.


நாள் 4118. குளிர் மிச்சம்: 15 மணி 16 நிமிடம்

பதினொரு பெட்டிகள் நகர்ந்த பிறகு நிரல் நின்றது. திரையில் ஒரே வரி: "நடக்கும்போது பட்டியல் மாறியது." காரணம் தெரியவில்லை. ஆராய்கிறேன்.


நாள் 4118. குளிர் மிச்சம்: 14 மணி 50 நிமிடம்

இட்டரேட்டரைக் கைவிட்டேன். எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் சாதாரணச் சுழற்சி ஒன்றை நானே எழுதினேன். ஒன்பது வரி. கிரேன் மறுபடி ஓடுகிறது. முதல் பெட்டி முதலாம் அறையில் பத்திரமாக இறங்கியது.


நாள் 4118. குளிர் மிச்சம்: 8 மணி 06 நிமிடம்

"ஓட்டம் நிறைவு. பிழை இல்லை."

எதிர்பார்த்ததைவிட ஆறு மணி நாற்பது நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. கிரேனைத் தட்டிக்கொடுக்கலாம் போல் இருக்கிறது. முப்பது மணி நேரமாகக் கண் மூடவில்லை. முதலாம் அறையில் கொஞ்சம் உட்காரப் போகிறேன்.


நாள் 4118. குளிர் மிச்சம்: 3 மணி 56 நிமிடம்

டாக்டரின் குரல் எழுப்பியது. அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்மா ஜெசி, மூணாம் ரூம் காலின்னு சொன்ன. பெட்டியெல்லாம் இன்னும் கரண்டு இழுக்குதே, யாருக்காக?"

மீட்டர் கோளாறாக இருக்கும் என்றேன்.

"நாலு நிமிசம் பிடிக்கிற கிரேன். எப்படிம்மா பாதி நேரத்துல முடிச்சுது, இறக்கை முளைச்சுதா? போய்க் கண்ணால பாரு."

போனேன். ஒரு பெட்டி இருந்த இடம் காலி. அடுத்தது நிற்கிறது. அதற்கடுத்தது காலி. அடுத்தது நிற்கிறது. முதல் பதினொன்றுக்கு அப்புறம் வரிசை முழுக்க அப்படியே, பல் விழுந்த வாய் மாதிரி. எண்ணினேன். நூறு பேர்.

நடந்தது இது. முதல் பெயரை நீக்கியதும் கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள். இரண்டாவது ஆள் இப்போது முதல் இடத்தில் நிற்கிறார். என் எண்ணோ இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது. அவரை யாரும் பார்க்கவில்லை. இப்படியே கடைசிவரை, ஒருவர் விட்டு ஒருவர். இட்டரேட்டர் வழியாக நீக்கியிருந்தால் அதுவே கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும்.

கல்லூரியில் முதல் வருடத் தேர்வில் இதே கேள்வி வந்தது. படம் போட்டு விளக்கி முழு மதிப்பெண் வாங்கினேன்.

நிரல் முடிந்த நிமிடமே பட்டியலைத் திறந்து பார்த்திருந்தாலும் நூறு பேரையும் மாற்ற நேரம் இருந்தது. நான் திறந்தேன். ஒரே ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை என்றதும் மூடிவிட்டேன்.

பட்டியல் குடும்பவாரியானது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதனால் அநேகமாக ஒவ்வொரு குடும்பமும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. கோமளவல்லி முதலாம் அறையில். அவர் மகள் கனிஷ்கா, ஆறு வயது, இங்கே. புறப்பட்ட அன்று அவரும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிள்ளைகளைத் தூங்கவைத்தோம். என் மகள் அழுதபோது தாலாட்டியது அவர்தான். எனக்குப் பாட வராது.


நாள் 4118. குளிர் மிச்சம்: 3 மணி 40 நிமிடம்

15 மணி 16 நிமிடப் பதிவில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதியது பொய். தெரியும்.

பட்டியலை மாற்றியது நான்.

என் மகள் ஸ்டெஃபிக்கு நான்கு வயது. பட்டியலில் 187-ஆவது பெயர். பதினான்கு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டவளே நான்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. நூற்றைம்பதாவது பெட்டியில் கிரேன் சிக்கிக்கொண்டால்? பதினோராவது பெட்டி போய்க்கொண்டிருந்தபோது அவள் பெயரை வெட்டி முதலில் ஒட்டினேன். நடுவில் யாரோ பட்டியலில் கை வைத்தார்கள் என்று கண்டுபிடித்து இட்டரேட்டர் நின்றது. அது தன் வேலையைத்தான் செய்தது.

மறுபடி ஓட்டியிருக்கலாம். ஆனால் மறுபடி ஓட்ட வேண்டுமானால் யார் மாற்றினார்கள், எதற்கு என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். அது நேரே முன்கப்பலுக்குப் போகும். டாக்டர் படிப்பார். மற்ற எல்லாருக்கும் முன்னால் என் பிள்ளை என்று என் கையால் எழுதிக்கொடுக்க வெட்கமாக இருந்தது. அதனால்தான் அந்த ஒன்பது வரி. யாரும் எதுவும் கேட்காத ஒன்பது வரி.

ஒரு நிமிட வெட்கத்தை மறைக்கப் போய் நூறு பேர்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "அழுகையை அப்புறம் வச்சுக்க. இன்னும் அம்பது பேரையாச்சும் தூக்கலாம். இதயம் பலவீனமானவங்க, வயசானவங்களை முதல்ல எடு. அவங்களை எழுப்புனா தாங்க மாட்டாங்க. வரிசை நான் அனுப்புறேன். நீ அதுல கை வைக்காத" என்றார்.

மீதிப் பேரை என்ன செய்வது என்று கேட்டேன்.

"எழுப்பணும். வேற வழி இல்ல."


நாள் 4118. குளிர் மிச்சம்: 0

ஐம்பத்து நான்கு பேர் போய்ச் சேர்ந்தார்கள். இட்டரேட்டர் வழியாக, அவர் அனுப்பிய வரிசையில். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தாறு பேர் மிச்சம். விழிப்பைத் தாங்கக்கூடிய திடமானவர்கள். திடமானவர்கள் என்றால் யார்? சின்னவர்கள். முப்பத்தொருவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

யாரும் சாகப் போவதில்லை. தோட்டத்தில் ஐம்பது பேருக்கு விளையும். ஆனால் ஒருமுறை விழித்த உடம்பை மறுபடி உறையவைக்க முடியாது. போய்ச் சேர இன்னும் முப்பத்து மூன்று வருடம்.

இது எனக்குத் தெரிந்த கணக்குதான். ஏழு மாதத்துக்கு முன்பு, முந்தைய காவலர் இறந்ததும் கப்பல் என்னை எழுப்பியது. நாங்கள் இறங்கும் அன்று ஸ்டெஃபி நான்கு வயதாகவே கண் விழிப்பாள். எனக்கு அறுபத்திரண்டு. என்னை அடையாளம் தெரியுமா என்று நினைத்து நினைத்துப் பயந்திருக்கிறேன். ஆனால் நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள்.

கோமளவல்லி போடவில்லை.


நாள் 4119. விழிப்பு முடிந்தது

நாற்பத்தாறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். டாக்டர் ஒவ்வொருவராக, குரலாலேயே எனக்கு வழி காட்டினார். ஒருமுறைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கனிஷ்கா மூன்றாவதாகக் கண் விழித்தாள். கஞ்சி குடித்தாள். பிறகு அம்மா எங்கே என்று கேட்டாள். பக்கத்து அறையில் தூங்குகிறார் என்றேன். எழுப்பச் சொன்னாள். முடியாது என்றேன். எப்போது எழுந்திருப்பார் என்றாள்.

"இன்னும் முப்பத்து மூணு வருசம். உனக்கு முப்பத்தொம்பது வயசு ஆகும்போது."

"அப்ப அம்மாவுக்கு?"

"முப்பத்திரண்டு."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "கணக்கு தப்பு ஆன்ட்டி" என்றாள். "அம்மாதான பெரியவங்க."

கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் பதினைந்து பேர். ஒருவர் மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டே தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். என்ன நடந்தது என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார். கூடத்தில் சொல்கிறேன் என்றேன். நீங்கள் ஒற்றை ஆளாக எங்களைக் காப்பாற்றினீர்களாமே என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் கேட்டார்: "நான் சொல்லவா, நீ சொல்றியா?" நானே சொல்கிறேன் என்றேன்.

சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மூன்றாம் அறையின் குளிரூட்டி பழுதானதால் உங்களை.

இல்லை.

நிரலில் ஏற்பட்ட ஒரு சிறு.

இல்லை.

என் பெயர் ஜெசிந்தா. என் மகள் முதலாம் அறையில் பத்திரமாகத் தூங்குகிறாள். வரிசையில் அவள் உங்களுக்குப் பின்னால் இருந்தாள். நான் அவளை முன்னால் இழுத்தேன். இழுக்கத் தேவையே இருக்கவில்லை, எல்லாருக்கும் நேரம் இருந்தது. இழுத்தது யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் எழுதியதில்தான் நீங்கள்

கூடத்துக் கதவு திறந்திருக்கிறது. குழந்தைகள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். கனிஷ்கா பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆறும் முப்பத்து மூன்றும் எவ்வளவு என்று. அவர் சொல்கிறார். இப்போது அவர் திரும்பி என்னைப் பார்க்கிறார்.