பக்கத்து சீட்டுக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட்

ஜூலை 12, சனி

நகைக்கடையில் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் கிடைத்தது. ரோச்சோர் ரோவர்ஸ் கால்பந்து அணி ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட் வாங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மருதப்பன் சோபாவில் படுத்தபடியே, "பொம்பளைங்க கோயிலுக்குப் போவாங்க, நீ பந்து பாக்கப் போற பூவு" என்றார். நேற்று சீரியலில் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்ததற்குக் கண்ணைத் துடைத்த மனுசன் அவர்.

எதை எழுத வந்தேன்? டிக்கெட். முறையை மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் கூரையில்லாத ஸ்டாண்டில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நான் முன்னாடியே போய்விடுவேன். என் சிநேகிதி ஆமினா அந்தி நேர மக்ரிப் தொழுகையை முடித்துவிட்டுத்தான் வருவாள். அதற்குள் ஆட்டம் தொடங்கியிருக்கும். அதனால் பக்கத்து இடத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிடுவேன், டெக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடையில் மேசை பிடிக்கிற மாதிரி. 'சோப்' பண்ணுவது என்று இங்கே சொல்லுவார்கள். இந்த ஊரில் தங்க வளையலை வைத்தால் காணாமல் போகலாம், டிஷ்யூ பாக்கெட்டை எவனும் தொட மாட்டான்.

இனிமேல் நம்பர் சீட்டாம். எனக்கு டி 14, ஆமினாவுக்கு டி 15. இரண்டையும் நான்தான் கவுன்டரில் வாங்கினேன். ஆமினா பீவி என் பிளாக்கில் கீழ் மாடிக்காரி. மகள் ஃபர்சானாவைக் கூட்டிக்கொண்டு ஜொகூரில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வந்ததும் கொடுக்கலாம் என்றால், டிக்கெட்டும் கையில் இல்லையாம், அவரவர் போனுக்குள்ளேயே இருக்குமாம். போன் வீட்டில் கிடந்தால் ஆட்டம் பார்க்க முடியாது. எவன் மூளையில் உதித்ததோ.

ஜூலை 30, புதன்

இன்றைக்கு ஒரு திருடியைப் பிடித்தேன்!

வேலைவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்தேன். மெசேஜ் வந்தது. ஆறு இலக்க நம்பர். உடனே போன். மலேசியா நம்பர். "ஆன்ட்டி, நான் ஃபர்சானா பேசுறேன், இப்ப ஒரு நம்பர் வந்துச்சுல்ல, அதக் கொஞ்சம் சொல்லுங்க, சீக்கிரம்."

எனக்கா தெரியாது? போன மாதம்தான் சமூக மன்றத்தில் போலீஸ்காரர் வந்து சொன்னார், சொந்தக்காரங்க பேரைச் சொல்லுவாங்க, குரலைக்கூட அப்படியே கொண்டுவருவாங்க, பெத்த பிள்ளையே கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லாதீங்க என்று. அவர் சொன்னது அத்தனையும் நடக்கிறது! அச்சு அசல் ஃபர்சானா குரல். மூக்கடைத்த மாதிரி பேசுவாளே, அதுகூட.

விட்டேனா? "திருட்டுக் கழுதை, ஒழச்சுத் தின்னு"ன்னேன். "ஆன்ட்டி, உம்மாதான் பண்ணச் சொன்னாங்க, ஆமினா" என்றாள். "ஆமினாவாவது பூமினாவாவது, எனக்கு எவளையும் தெரியாது, போனை வைடி"ன்னு வைத்துவிட்டேன். அந்த நம்பரை பிளாக்கும் பண்ணினேன். அதுவும் போலீஸ்காரர் சொல்லிக்கொடுத்ததுதான்.

மருதப்பன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் சீரியலைவிட நான் சத்தம்.

ஆகஸ்ட் 16, சனி

கோபம் இன்னும் அடங்கல.

முதல் மேட்ச். டி 14-இல் உட்கார்ந்தேன். டி 15-இல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்தேன். நம்பர் சீட்டுக்கு எதற்கு என்று கேட்டால், பழக்கம்தான். தோளில் முரசு தொங்க ஒரு பையன் வந்தான். பேர் பிரபாகர், பிறகு சொன்னான். "ஆன்ட்டி, இது என் சீட்டு."

"ஆள் வராங்க தம்பி."

"நான்தான் ஆன்ட்டி அந்த ஆள்."

போனைக் காட்டினான். டி 15 என்றுதான் இருந்தது. உன் போன் பொய் சொல்லுது என்றேன். கிளப்காரன் வந்தான். டிஷ்யூவை எடுங்க என்றான், எடுக்க மாட்டேன் என்றேன். பின்னாடி ஒருத்தன், "அம்மா, உட்காருங்கம்மா, ஃப்ரீ கிக் மறைக்குது" என்று கத்தினான். பிரபாகர்தான் மெதுவாகச் சொன்னான்: "சண்டைக்கு வரல ஆன்ட்டி. இந்த சீட்டு ரெண்டு வாரம் முன்னாடி ஆப்ல காலியாக் காட்டுச்சு. இருந்தவங்க வேற பக்கம் மாத்திட்டாங்க."

மாத்திட்டாங்களா? யாரு? ஆமினாவா?

எதிர்ப்பக்கம் பார்த்தேன். கூரை போட்ட ஸ்டாண்ட். வெள்ளை முக்காடு, மேலே நம்ம சிவப்பு ஸ்கார்ஃப். அவளேதான். ஜம்மென்று கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். ஹாஃப் டைமில் எழுந்து நின்று அந்த ஸ்கார்ஃபை ஆட்டுகிறாள், இந்தா பாரு என் புது இடம் என்கிற மாதிரி! முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு வருசம் ஒரே குடைக்குள் நனைந்தோம். ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லிஃப்டில் ஆமினா. நானாகக் கூப்பிடக் கூடாது என்றிருந்தேன். அவளும் மேலே எரிகிற நம்பரையே பார்த்தாள். அவள் மாடி வந்தது. வெளியே கால் வைத்துவிட்டு, "உன் சீட்டு உனக்கு வசதியா இருக்குல்ல?" என்றாள்.

"நீ நல்லா இருக்கியா கூரைக்குக் கீழ?" என்றேன்.

கதவு மூடிக்கொண்டது. நல்ல பதிலெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது.

செப்டம்பர் 13, சனி

மழை. குடை பிடித்தால் பின்னாடி இருப்பவனுக்கு மறைக்கும், பிடிக்காவிட்டால் எனக்கு முதுகு போகும். போன வருசம் முழுக்க இதையேதான் ஆமினாவிடம் புலம்பினேன், கூரைக்குக் கீழே உட்கார நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று. என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, தனக்கு மட்டும் இடம் பார்த்துக்கொண்டாள்.

பிரபாகர் முரசுக்கு மழைக்கோட்டு போட்டான். அவன் நனைந்தான். பாவம், நல்ல பையன். ஆனால் காதுக்குள்ளேயே அடிக்கிறான்.

எதிர்ப்பக்கம் ஆமினாவுக்குப் பக்கத்து சீட்டு காலி. அதில் வெள்ளையாக ஏதோ வைத்திருக்கிறாள். ஓ, எவளுக்கோ சோப் பண்ணிவைக்கிறாள்! யாரவள்? ஆட்டம் முடிகிற வரைக்கும் பார்த்தேன். எவளும் வரவில்லை. நம்ம ஆட்கள் போட்ட கோலைக்கூட நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு ஆமினா வீட்டுக்கு முறுக்கு அனுப்பக் கூடாது என்றிருந்தேன். எனக்குத் தெரியாமல் மருதப்பனே டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். கேட்டால், "ரெண்டு எபிசோடுல பேசி முடிக்க வேண்டியதை இருநூறு எபிசோடு இழுக்கிறீங்க" என்கிறார்.

இன்றைக்கு டப்பா திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, காலியாக. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இத்தனை வருசத்தில் ஒரு டப்பா காலியாகப் போனதுமில்லை, வந்ததுமில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும்.

அப்படியா? சரி. அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 8, சனி

தோற்றோம். சந்தோசமாக இருந்தது. அவளும்தானே பார்த்தாள்.

ஜனவரி 7, புதன்

நகைக்கடையில் இந்த வருசம் டைரி கிடையாதாம். பழையதிலேயே ஜனவரிப் பக்கமெல்லாம் காலியாகத்தான் கிடக்கிறது. கிழமை மட்டும் தப்பு.

டெக்கா மீன் கடையில் ஃபர்சானா. என்னைப் பார்த்ததும் இறால் பக்கம் ஒதுங்கினாள். "என்னடி, நான் என்ன கடிச்சா வெப்பேன்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும் ஆன்ட்டி? திருட்டுக் கழுதைன்னீங்க. போலீஸுக்குப் போவீங்களோ என்னமோ."

எனக்குக் காலுக்குக் கீழே ஐஸ்தண்ணி ஓடுகிற மாதிரி. மீன் கடையில் நிஜமாகவே ஓடும், அது வேறு.

"அது... நீயாடி?"

"நான்தான்னு சொன்னேன்ல! ஜொகூர் சிம் போட்டிருந்தேன். உம்மா சொன்னாங்க, பூவு மழையில நனையுறா, ரெண்டு சீட்டையும் கூரைக்குக் கீழ மாத்து, அவகிட்ட சொல்லாத, மேட்ச் அன்னைக்குப் பாத்துக்கட்டும்னு. உம்மாவோடது மாறிடுச்சு. உங்களதுக்குத்தான் அந்த நம்பர் கேட்டேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் ஆன்ட்டி. ஆமினாவாவது பூமினாவாவது, எவளையும் தெரியாதுன்னீங்க."

"திருடின்னு நெனச்சேன்டி!"

"உம்மாவும் முதல்ல அப்படித்தான் நெனச்சுச் சிரிச்சாங்க. மேட்ச் அன்னைக்குக் கைகாட்டினா நீங்க முதுகைக் காட்டிட்டீங்க. அதுக்கப்புறம் சிரிக்கல. இனிமே அவளே வரட்டும்னாங்க."

"அந்தப் பக்கத்து சீட்டு?"

"யாரும் வாங்கல. உம்மா டிஷ்யூ வச்சு சோப் பண்ணிட்டு இருக்காங்க."

மீனை மறந்துவிட்டு வந்துவிட்டேன். இப்பவும் கோபம்தான். யார்மேல் என்று தெரியவில்லை. சர்ப்ரைஸாம்! வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? போலீஸ்காரர்மேல் கோபப்பட முடியாது, அவர் சரியாகத்தான் சொன்னார்.

ஜனவரி 8, வியாழன்

சீட்டு மாற்ற இந்த வாரம்தான் மறுபடியும் திறந்திருக்கிறார்கள். லீவு சொல்லிவிட்டு கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண், "உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும் ஆன்ட்டி, சொல்லுங்க" என்றாள்.

வந்தது. அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் போட்டோவையும் முகத்தையும் இரண்டு தடவை பார்த்தேன்.

சொன்னேன்.

ஜனவரி 17, சனி

எல்லோருக்கும் முன்னாடி போனேன். கூரைக்குக் கீழே. என் இடத்தில் உட்கார்ந்து அவள் இடத்தில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்தேன்.

தொழுதுவிட்டு ஆமினா வந்தாள், கையிலே அவளுடைய பாக்கெட். என்னைப் பார்த்தாள். டிஷ்யூவைப் பார்த்தாள். "இங்க நனையாது. அது தெரியணும் உனக்கு" என்றாள்.

"டப்பாவைக் காலியா அனுப்பினவதானே நீ" என்றேன்.

"எவளையும் தெரியாதுன்னவ வீட்டு டப்பாவுல என்னத்தப் போடுறது?"

உட்கார்ந்தாள். ஹாஃப் டைம் வரைக்கும் இரண்டு பேரும் மைதானத்தையே பார்த்தோம். அப்புறம் நம்ம ஆளைக் கீழே தள்ளிவிட்டான் எதிராளி, ரெஃப்ரீ விசில் ஊதவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். ஆமினா ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்க! இப்பதான் தொழுதுவிட்டு வந்தவள்! எதிர்ப்பக்கத்தில் பிரபாகர்கூட முரசை நிறுத்திவிட்டான்.

தோற்றோம். அநியாயம். பஸ்ஸில் வீடு வரைக்கும் அந்த ரெஃப்ரீயைத் திட்டிக்கொண்டே வந்தோம். கதவைத் திறந்த ஃபர்சானா காதிலும் அந்த வார்த்தை விழுந்தது.

ஜூன் 20, சனி

புது சீசன் டிக்கெட். மெசேஜ் வந்தது, ஆறு நம்பர். உடனே போன். "ஆன்ட்டி, நான் ஃபர்சானா. நம்பரைச் சொல்லுங்க."

"இரு. ஜனவரி மேட்ச்ல உங்க உம்மா ரெஃப்ரீயை என்ன சொல்லித் திட்டினா?"

மெதுவாகச் சொன்னாள். பின்னால் ஆமினா, "ஏண்டி அதைப் போய்ச் சொல்ற!" என்று கத்துவது கேட்டது.

இங்கே எழுத முடியாத வார்த்தை. சரியாகத்தான் சொன்னாள்.

நம்பரைக் கொடுத்துவிட்டேன்.