மூடின கடையின் படம்

அன்பான என் வீட்டுக்காரருக்கு டொலறஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். வேலை முடிந்து, பஸ் நிற்கும் இடத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். உங்கள் முழங்கால் நோவு மாறிவிட்டதா, இல்லை இன்னும் நடிக்கிறீர்களா?

இங்கே கிங்ஸ்டன் சந்தைத் தெருவின் பழைய கடைகளைப் புத்தகமாகப் போட எங்கட பெடியன் ஒருவன் கமராவோடு வந்தான். நான் வேலை செய்யும், பாணும் கேக்கும் சுட்டு விற்கும் கடைக்கு முந்நூறு வயதாம். நானும் வாசலைக் கழுவி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு போய் நின்றேன்.

"கொஞ்சம் உள்ளே போங்கோ, கடை பழசாத் தெரியட்டும்" என்றான்.

"நானும் பழசுதான் தம்பி, ஐம்பத்திமூண்டு."

சிரித்துவிட்டு, கோழி கலைக்கிற மாதிரிக் கையைக் காட்டினான்.

பன்னிரண்டு வருடமாக அந்தக் கதவைக் காலையில் திறப்பது யார்? உள்ளே போய் இரும்புக் கதவை இழுத்து மூடினேன். "இப்ப எடும் பாப்பம்" என்று கத்தினேன். முதலாளி தட்டினார். "சரி, வந்து நில்லுங்கோ" என்று அவனும் கெஞ்சினான். நான் வெளியே வரவில்லை. கடைசியில் மூடின கதவைத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

ஊர் மிளகாய்த்தூளோடு உங்கள் படம் ஒன்றும் அனுப்புங்கோ. வீட்டு வாசலில் நின்று எடுங்கோ. நடுவில் நிற்க வேண்டாம், பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விடுங்கோ.

பஸ் வந்துவிட்டது.

டொலறஸ்