கற்களைத் திரும்ப அடுக்குங்கோ

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதம் கொழும்புக்கு, வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் அகழாய்வு செய்கிற அந்தச் சின்னத் தீவில், ஆதிகாலப் புதைகுழியின் கற்குவியலைப் பிரித்தபோது ஒரு பிள்ளையின் எலும்புகளும் தலைமாட்டில் சோற்றுச் சட்டியும் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் மகனைச் சோதனைச்சாவடியில் பிடித்த நாள் முதல் பொலிசுக்குப் புட்டுப் பொட்டலத்தோடு போகிறேன். "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை, அம்மா" என்கிறார்கள். பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். விடிந்தால் மறுபடி அவிக்கிறேன்.

செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையை அவனுக்குச் செய்வோமென்று உங்கள் அக்கா எழுதியிருக்கிறா. செய்யவே கூடாது. அவனுக்குப் பசிக்கும்.

நீங்கள் அந்தச் சட்டியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கற்களைத் திரும்ப அடுக்குங்கோ. அந்தப் பிள்ளையின் தாய்க்குச் சோற்றை எங்கே வைப்பதென்று தெரிந்திருக்கிறது.

உங்கள் பிள்ளையின் அம்மா