வக்கீலுக்கு வாய்ப்பூட்டு

மார்ச் 4, புதன்

பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போய்வந்தோம். சின்னவனுக்கு வரும் மாதம் நான்கு வயது. அம்மா, பால், ம்ஹூம். இதுவரை அவன் பேசியது இவ்வளவுதான். காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது என்று பயிற்சியாளர் சொன்னபோதுதான் மனைவி என் கையை விட்டாள். அவள் நர்ஸ். ஊரார் பிள்ளைகளுக்கு அசராமல் ஊசி போடுபவள். தன் பிள்ளை என்றதும் விரலெல்லாம் சில்லிட்டிருந்தது.

அவனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது பெரியவள். ஏழு வயது. "அவனுக்கு இந்த நாற்காலி பிடிக்கலையாம். ஜன்னல் பக்கம் உட்காரணுமாம்." உனக்கு எப்படித் தெரியும் என்று பயிற்சியாளர் கேட்டார். "பார்த்தாலே தெரியுதே." வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவன் புருவத்தைத் தூக்கினால் போதும், இவள் வாதாடத் தொடங்கிவிடுவாள்.

கிளம்பும்போது பயிற்சியாளர் மெல்லச் சொன்னார்: அவனுக்குப் பேசவேண்டிய அவசியமே வரவில்லை, அக்காவைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

மார்ச் 5, வியாழன்

பயிற்சியாளர் 'கொஞ்சம்' என்றார். மச்சான் அதை 'அடியோடு' என்று திருத்திவிட்டான்.

மச்சான், மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அதனால் எதையும் யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு உண்டு. "பக்கத்து சீட்ல உட்கார்ந்து நானே எல்லாத்தையும் பண்ணிட்டிருந்தா, ஓட்டறவன் எப்ப கத்துப்பான் மாமா?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆகவே தீர்மானம்: வக்கீல் தம்பி பக்கத்தில் இருக்கும்போது வாயே திறக்கக்கூடாது. அவனுக்குப் பிடித்த பொருளெல்லாம் எட்டாத உயரத்துக்குப் போகும், வேண்டுமென்றால் கேட்கட்டும். பெரியவர்கள் எதைச் செய்தாலும் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும், அவன் காதில் சொற்கள் விழுந்துகொண்டே இருக்க.

வக்கீல் விவரம் கேட்டாள். அவன் அழுதால்? அப்போதும் பேசக்கூடாது. அவனுக்கு அடிபட்டால்? அப்போது மட்டும் சொல்லலாம். எத்தனை நாள்? அவன் பேசும் வரை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 7, சனி

பிஸ்கட் டப்பா சமையலறை அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. சின்னவன் டப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று நான் குளிக்கப் போனேன்.

குளியலறைக் கதவைத் தட்டும் சத்தம். யாரென்று கேட்டால் பதில் இல்லை. மறுபடி தட்டல். துண்டோடு வெளியே வந்து பார்த்தால் வக்கீல் நிற்கிறாள், விரல் சமையலறையைக் காட்டுகிறது. அங்கே இழுப்பறைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று படிக்கட்டு மாதிரி இழுபட்டிருந்தன. உச்சியில் உட்கார்ந்து சின்னவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். நான் லிப்ட் மெக்கானிக். மேலே ஏறுவது எங்கள் குடும்பத் தொழில் என்பதை மறந்துபோனேன்.

அவனை இறக்கி உறங்கவைத்த பிறகு வக்கீலைக் கேட்டேன், கூப்பிட்டிருக்கக் கூடாதா?

"இன்னும் அடிபடலையேப்பா."

மார்ச் 9, திங்கள்

செய்வதையெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் தானாக ஓடுகிறது. இன்று ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் பழுதுபார்த்த லிப்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கோட்டு போட்ட நாலு பேர் ஏறினார்கள். "இப்போ கதவு மூடுது. இப்போ நாம மேல போறோம்" என்றேன். ஒருவர் மட்டும் "தெரியும்" என்றார்.

மனைவி கதை இன்னும் மோசம். எழுபது வயதுத் தாத்தா ஒருவருக்கு ஊசி போடப் போனவள், அவரிடம் "அம்மா இப்போ கை கழுவறேன், சோப்பு போடறேன்" என்றிருக்கிறாள். அவர் கைதட்டினாராம்.

மார்ச் 10, செவ்வாய்

சின்னவன் 'பால்' என்று சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

மார்ச் 12, வியாழன்

பள்ளியிலிருந்து ஆசிரியை அழைத்தார். வக்கீல் மூன்று நாளாக வகுப்பில் வாய் திறக்கவில்லையாம். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குகிறாளாம். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் பெண்ணா? அவள் பேச்சை நிறுத்தச் சொல்லி அதே ஆசிரியை போன மாதம் எழுதிய குறிப்பு இன்னும் அவள் பையில் இருக்கிறது.

சாயங்காலம் மாடிப்படியில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். வெகுநேரம் காலணிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பேச்சையும் சேர்த்து நானே பேசிட்டேன்னு மாமா சொன்னாங்க. அதான் மிச்சம் பிடிக்கறேன். எவ்வளவு சேர்ந்தா அவன் பேசுவான்பா?"

ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சோம் நாங்க. ஒரு வீட்டுக்கு இவ்வளவு பேச்சுதான் என்று இருப்பதாகவும், தம்பி பங்கைத் தானே தீர்த்துவிட்டதாகவும் நினைத்து, பிள்ளை மூணு நாளா பள்ளியிலேயும் வாயை மூடிக்கிட்டு — இது எனக்கு ஏன் தோணல? லிப்டில் சின்னதாக ஒரு ஓசை கேட்டாலே எங்கே கோளாறு என்று சொல்கிறவன், சொந்தப் பெண் ஊமையாகிவிட்டதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்கவில்லை.

பேச்சு தீராது என்றேன். நிஜமாவா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். அவனை யாராலும் பேசவிடாமல் செய்ய முடியாது, நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை, தப்பாகத் திட்டம் போட்டது நாங்கள்தான் என்றேன். அதன்பின் சாப்பாட்டு வேளைவரை நிறுத்தாமல் பேசினாள். யார் யாரோடு சண்டை, யாருக்குப் பல் விழுந்தது, எல்லாம். சின்னவன் அவள் மடியில் தலைவைத்து அத்தனையும் கேட்டான்.

மச்சான் வந்து அவள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான். "பரவாயில்ல மாமா, உங்களுக்குத் தெரியாதுல்ல" என்று விட்டுவிட்டாள்.

மார்ச் 18, புதன்

மறுபடி பயிற்சி நிலையம். நடந்ததையெல்லாம் சொன்னோம். பயிற்சியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வக்கீலை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். பந்துப் படம், நாய்ப் படம், பேருந்துப் படம். சின்னவன் எதற்கும் அசையவில்லை. இருபது நிமிடம் போயிற்று. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அவன் நாற்காலியிலிருந்து இறங்கிக் கதவிடம் போனான். கைப்பிடி எட்டவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. இது திட்டமில்லை, எங்களுக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. அவன் கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"அக்கா, வா."

கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாக: "அக்கா. கதவு. திற."

வெளியே நாற்காலி நகர்ந்தது. பிறகு அவள் குரல்: "அப்பா, நான் பேசலாமா?"

பயிற்சியாளர்தான் போய்க் கதவைத் திறந்தார்.

மார்ச் 19, வியாழன்

தன்னுடைய பயிற்சி முறைக்குக் கிடைத்த வெற்றி என்கிறான் மச்சான். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இரண்டு பேரையும் முடிவெட்டக் கூட்டிப்போனேன். சின்னவனை உயர நாற்காலியில் உட்காரவைத்ததும், வக்கீல் வழக்கம்போல முன்னால் போய் ஆரம்பித்தாள்: "தம்பிக்கு ரொம்பக் குட்டையா வெட்டாதீங்க, காதுகிட்ட மெஷின் வெச்சா அவனுக்கு—"

"நானே சொல்றேன்" என்றான்.

சொன்னான். மழலைதான், பாதி சொல் முழுங்கிப்போயிற்று. கடைக்காரர் குனிந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வக்கீல் மெல்ல வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுவாளோ என்று பயந்தேன். கண்ணாடியில் தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் தன்னைப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கும் வெட்டணும். கழுத்து வரைக்கும். இந்தப் பின்னல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ரொம்ப நாளா."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. சின்னவன் இறங்கியதும் அவள் ஏறி உட்கார்ந்தாள். எவ்வளவு நீளம் என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். அவளையே கேட்கச் சொன்னேன்.