கரஸ் தானே

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நாங்கள் சுகம். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை தனியாகப் போகிறார்கள். பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியதை ஆள் வைத்து அடைத்துவிட்டேன். கிடங்கில் உங்களைக் குளிர் அறைப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்றீர்களே, கையுறையாவது கொடுத்தார்களா?

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, அம்மாகிட்ட குடு" என்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

தபால்வழிக் கரஸில் படித்த எம்.எஸ்சி. ரிசல்ட் வந்த அன்று உங்களிடம்தான் முதலில் சொன்னேன். கணிதம், முதல் வகுப்பு. நீங்கள் "பரவாயில்லையே" என்றீர்கள். அதையே பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன். இவ்வளவு லேசில் திருப்திப்படுகிற பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்?

போன வாரம் பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார்கள். எங்கள் தலைமையாசிரியையைத்தான் சொல்கிறேன், உங்களோடு கல்லூரியில் படித்தவர்தானே. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் வேலையை விட்டுப் போகிறார். அந்த இடம் எனக்குத்தான் என்று பள்ளிக்கூடமே பேசிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தே கிழவியாகிவிடுவேனோ என்று பயந்துதான் நான் படிக்கவே ஆரம்பித்தேன். பெரிய டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க வேண்டியிருக்கும், வீட்டில் சௌகரியப்படுமா என்று கேட்க உங்களுக்கே போன் போட்டார்களாம். நீங்கள் சிரித்துவிட்டு, "அட, அது கரஸ் தானே! வீட்ல பொழுது போகாம எழுதுனது. ரெகுலர் மாதிரி வருமா? அவளுக்குச் சின்ன கிளாஸே போதும்" என்றீர்களாம். "வீட்டுக்காரரே இப்படிச் சொன்னா, நான் கமிட்டில என்னம்மா பேசறது?" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கிளாஸுக்குப் போகாமல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பொழுது போகாமலாம்! இந்த வீட்டில் பொழுது எங்கே இருக்கிறது, போகாமல் நிற்பதற்கு?

அத்தைக்குத் தைலம் தேய்த்த கையோடு புரட்டிப் புரட்டி என் டோபாலஜி புத்தகம் முழுக்கத் தைல வாசனை. பாத்திரம் தேய்க்கும்போது வரையறைகளை முணுமுணுப்பேன். தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து அத்தை பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். தபாலில் வருகிற அந்தப் புத்தகங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் திணறுகிற இடமாகப் பார்த்து, "நிறுவல் மாணவருக்கே விடப்படுகிறது" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ரெகுலரில் படிக்கிறவள் கையைத் தூக்கி வாத்தியாரைக் கேட்பாள். நான் யாரைக் கேட்பது, அடுப்பையா? மண்டையை உடைத்துக்கொண்டு நானேதான் நிறுவினேன். ஒருநாள் அப்படி ஒன்று சரியாக வந்தபோது, சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன். எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள். அதையெல்லாம்தான் நீங்கள் "எழுதுனது" என்று ஒரே வார்த்தையில் கழுவி ஊற்றிவிட்டீர்கள்.

எப்போதாவது ஞாயிற்றுக்கிழமையில் காண்டாக்ட் கிளாஸ் என்று நேரில் பாடம் நடத்தக் கூட்டுவார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி வருவாள், வங்கிக் காசாளர் ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர். சாயங்காலத்துக்குள் ஒரு வருஷப் பாடத்தை வாத்தியார் எங்கள் தலையில் கொட்டிவிட்டு ஓடுவார். போகப் போகக் கூட்டம் தேய்ந்தது. கண்டக்டர் கடைசிவரை வந்தார். அவர் வீட்டிலும் யாராவது இப்படிச் சிரித்திருப்பார்களோ என்னவோ.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சாயங்காலம் ஆள் வேண்டும் என்று நேரே என்னிடம் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், ஆனால் கடைசியில் ஒரு வழியும் பண்ணியிருப்பேன். மாடி வீட்டு அக்கா வந்து துணைக்கு உட்காருகிறேன் என்று எப்போதோ சொல்லிவிட்டார், அத்தையும் தலையாட்டியாகிவிட்டது. அதனால் அம்மா உங்களுக்கு ஒரு சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர். ஒருநாளும் நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், கோபம் வந்தால் வரட்டும்.

கரஸ் கரஸ் என்கிறீர்களே, நம் கல்யாணம் மட்டும் என்னவாம்? கல்யாணமான மறுமாதமே விமானம் ஏறினீர்கள். அதற்கப்புறம் எல்லாமே தபாலிலும் போனிலும்தான். லீவு கிடைத்தால் வந்து ஒரு காண்டாக்ட் கிளாஸ், அவ்வளவுதான். பாப்பா பிறந்ததையும் நடந்ததையும் படத்தில்தான் பார்த்தீர்கள். அதற்காக யாரிடமாவது போய், எனக்கு வாய்த்தது ரெகுலர் புருஷன் இல்லை என்று சிரித்திருக்கிறேனா? எங்கள் வீட்டு ஆட்கள் கேட்டபோதுகூட உங்களை விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

அடுத்த மாத முதல் வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது, கடிதம் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். வெளியிலிருந்து ஒருவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார், அவர் ரெகுலராம். கமிட்டி கூடுவதற்குள் நீங்கள் பெரிய டீச்சருக்குப் போன் போட வேண்டும். என்னைத் தூக்கி வைத்துப் பேச வேண்டாம். "அவ ஒழுங்காத்தான் படிச்சா, நான்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்றால் போதும். வாய் கூசினால் முதல் பாதியையாவது சொல்லுங்கள்.

அதற்கும் மனசு வராவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வழக்கம்போலப் போன் பண்ணாதீர்கள். லைன் கிடைக்கவில்லை என்று அத்தையிடம் சொல்லிக்கொள்கிறேன். பாப்பாவிடமும் அதையேதான் சொல்ல வேண்டும். அவள் நம்பிவிடுவாள், அவளுக்கு இன்னும் நம்புகிற வயசுதான். குளிரில் வெறுங்கையோடு வேலை செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா